வந்துட்டனுங்க

அன்புள்ள ரூபிக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அவள் முட்டிவலியைச் சேர்க்காவிட்டால். டப்ளினில் குளிர் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போன ஞாயிறு நீ போனில் ஏதோ கேட்டாய், நான் காபி நன்றாகப் பூத்திருக்கிறது என்றேன், நீ சற்று நேரம் பேசவே இல்லை. மலையில் டவர் லட்சணம் அப்படி என்று வைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியது நீளம் என்பதால் எழுதிவிடுகிறேன்.

நம் எஸ்டேட்டில் வேலை செய்யும் கொட்டச்சேடு ஊர்க் கண்ணம்மாளை உனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டது. தினமும் காலையில் ரைட்டர் நான் பேர் கூப்பிடுவேன், ஒவ்வொருவரும் "வந்துட்டனுங்க" என்பார்கள், குரல் வராவிட்டால் ஆப்சென்ட். கண்ணம்மாள் பேருக்கும் குரல் வந்துகொண்டுதான் இருந்தது. புது மேனேஜர் ஜெயபிரகாஷ் ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்: கண்ணம்மாள் வாய் திறக்கவில்லை, அடுத்து நிற்கும் பாப்பாத்திதான் இருவருக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். ஒரே குரல் இரண்டு தடவை வருவது ரைட்டருக்கு எப்படித் தெரியாமல் போனது என்று என்னைக் கேட்டார். குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் ஏமாற்று வேலை என்று குதிக்கவில்லை. நிழல் மரம் கழிக்கும்போது மேலிருந்து குரல் கொடுத்துவிட்டுத்தான் கிளையைத் தள்ளுகிறார்கள், காது கேட்காதவள் கீழே நின்றால் யார் பொறுப்பு என்றார். அதில் நியாயம் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் வழி கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டால் நிறுத்திவிடலாம் என்று முடித்தார். வேலை நின்றால் கண்ணம்மாளுக்கு எஸ்டேட் கொடுத்த லயன் வீடும் போய்விடும், வேறு போக்கிடம் கிடையாது.

காது கேட்காதவர்களுக்கு என்ன செய்யலாம் என்று உன்னிடம் அப்போது கேட்டதற்கு, உங்கள் கம்பெனியில் விளக்கு எரிந்து கூப்பிடுவது, மேஜை மாற்றித் தருவது எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் அந்த அம்மாவிடமே என்ன வேண்டும் என்று கேட்டீர்களா என்று போட்டிருந்தாய். கேட்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. நான் சேலத்தில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் விசாரித்து, டாக்டர் சான்று முதலில், மாற்றுத்திறனாளி அட்டை அடுத்து, காது மிஷின் அதற்கப்புறம் என்று தெரிந்துகொண்டு வந்து, பெரிய காரியம் முடித்த நினைப்பில் இருந்தேன். பாப்பாத்தி கை ஜாடையில் கேட்டதும் கண்ணம்மாள் பட்டென்று சொன்னாள்:

"மிசினு வர்றப்ப வரட்டுமுங்க. பேசறவங்க மூஞ்சிக்கு முன்னால வந்து பேசச் சொல்லுங்க. பேர் கூப்புட்டா எல்லாருமே கையத் தூக்கோணும், நான் மட்டுமுன்னா வேண்டாமுங்க."

அப்படியே இப்போது எல்லாரும் கை தூக்குகிறார்கள், அவள் பேர் வரும்போது பாப்பாத்தி முழங்கையில் தட்டுவதாக ஏற்பாடு. மரம் கழிக்கும் இடத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டுவது, அவிழ்க்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்பது மேனேஜர் யோசனை. காது கேட்பவர்களுக்கும் அது நல்லதுதான், இத்தனை வருஷம் நமக்கு ஏன் தோன்றவில்லையோ. கண்ணம்மாளுக்கு வேலை நிலைத்தது.

கதை இதோடு முடிந்திருக்கலாம். டாக்டர் சான்றுக்காக இருவரையும் சேலம் கூட்டிப்போய்த் திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணம்மாள் ஜன்னலோரம், நான் அவள் பக்கத்தில். பாப்பாத்தி முன் சீட்டில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றும், நேராக உட்கார் என்றேன், கேட்கவில்லை. கண்ணம்மாளுக்காகத்தான் என்று நினைத்தேன். பேச்சோடு பேச்சாக, இரட்டைக் குரலில் என்னை ஏய்க்க எவ்வளவு துணிச்சல் உனக்கு என்று சும்மா சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏனுங்க ரைட்டரய்யா, உங்களுக்குக் கேக்கோணும்னுதானுங்க ரெண்டு வருசமா எல்லாரும் கத்திச் சொல்லறோம். மேனேஜருக்குத் தெரிஞ்சா உங்களையும் நிறுத்திப்போடுவாங்கன்னு யாரும் வாயத் தொறக்கல."

ஏற்காடு வரும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், தெரிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டுக் காபி போடப் போய்விட்டாள். மறுநாள் நானே மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். பேனாவுக்குக் காது எதற்கு, சிகிச்சையைப் பாருங்கள் என்றார். அடுத்த வாரம் எனக்கும் பரிசோதனை, பாப்பாத்தி துணைக்கு வருகிறாளாம்.

உன் மேல் ஆண்டவர் கை எப்போதும் இருக்கட்டும் கண்ணு, மாதாவிடம் தினமும் சொல்கிறேன். இனிமேல் வீடியோவில் கூப்பிடு, வெளிச்சத்தில் உட்கார்ந்து முகம் தெரியப் பேசு. அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன கேட்டாய் என்று மறக்காமல் எழுது. இன்னும் நான் அதற்குப் பதில் சொல்லவில்லை.

உன் அப்பா,
ஜேசுதாஸ்
தலைச்சோலை