மாஸ்டர் ஜெர்வேஸை முழுதாக மார்ஷ்விக்கில் அடக்கம் செய்யக் கோரி

அனுப்புநர்:
ஹாமோ ஃபிளெட், எழுத்தர்,
ஹவிஸ் அம்மாளின் சத்திரம்,
வின்மவுத் துறைமுகம்.

பெறுநர்:
மேதகு ஆயரின் முதன்மைக் குரு அவர்கள்,
எல்டர்மியர் மறைமாவட்டம்.

பொருள்: அரசரின் தூதராயிருந்து காலமான மாஸ்டர் ஜெர்வேஸ் ஆல்டன் அவர்களின் உடலை மூன்று கூறாக்கி மூன்று இடங்களில் அடக்கம் செய்யும் ஏற்பாட்டை உடனே நிறுத்த வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி மாஸ்டரிடம் இருபத்தாறு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன். பிளாண்டர்ஸில் போர்நிறுத்தப் பேச்சு பாதியில் நின்றுபோக, மாஸ்டர் கடுங்காய்ச்சலோடு கடந்த வியாழனன்று இத்துறைமுகத்தில் கரையிறங்கினார். வெள்ளியன்று பொழுது விடியும் வேளையில் சத்திரத்து மாடி அறையில் அவர் உயிர் பிரிந்தது. காலணியைக் கழற்றக்கூட எங்களை விடவில்லை. மீண்டும் மாட்ட நேரமாகும் என்றார்.

2. சனியன்று பேராலயக் குரு ஒருவரும் கிரேஃபோல்ட் மடத்துத் துறவி ஒருவரும் ஒரு மணி நேர இடைவெளியில் குதிரையில் வந்து இறங்கினர். பிற்பகலுக்குள் அவர்களுக்குள் உடன்பாடு ஏற்பட்டுவிட்டது. இதயம் மடத்துக்கு. எலும்புகள் பேராலயத்துக்கு. மிச்சமுள்ளது இவ்வூர்த் துறவகத்துக்கு. நாங்கள் பிளாண்டர்ஸில் ஏழு மாதம் பேசியும் முடியாத காரியம் இவர்களுக்கு ஒரு பிற்பகலில் முடிந்ததைக் கண்டு நான் வியந்தேன். செவ்வாய்க்கிழமை காலை அறுவை வைத்தியர் வருகிறார். சந்தையில் மீனைக் கூறு போடுவதுபோல் என் மாஸ்டரைக் கூறு போடப் போகிறார்கள்.

3. எலும்பு தனியே பிரிய உடலைத் திராட்சை மதுவில் வேகவைக்க வேண்டுமாம். அதற்காகச் சத்திரத்துப் பெரிய அண்டாவைக் கேட்டு வைத்தியரின் ஆள் வந்தபோது ஹவிஸ் அம்மாள் கூறியதை, மரியாதைக் குறைவுக்கு மன்னிப்புக் கோரி, அப்படியே பதிவு செய்கிறேன்: "இந்த அண்டாவுல கஞ்சி காய்ச்சுவேன், கறி வேகவைப்பேன். அந்தப் பாவப்பட்ட மனுசனை வேகவைக்கத் தரமாட்டேன். எடுத்தீன்னா கைய ஒடிச்சிருவேன், போய்யா!" அந்த ஆள் வேறு அண்டா தேடிப் போயிருக்கிறார். இவ்வூரில் அண்டாவுக்குப் பஞ்சமில்லை என்பதே என் கவலை.

4. மாஸ்டரின் பணிவரலாற்றைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் ஏடுகளில் பதவிகள் மட்டுமே இருக்கும். ஆக்ஸ்போர்டில் சட்டம் பயின்று, முப்பதாம் வயதில் மார்ஷ்விக் என்னும் சதுப்புநில ஊரின் பங்குத்தந்தையாக நியமிக்கப்பட்டார். நாற்பதாவது நாள் அரசவையிலிருந்து ஆள் வந்தது. லத்தீனும் பிரெஞ்சும் தெரிந்த, கோபப்படத் தெரியாத ஒருவர் வேண்டும் என்றார்கள். பதினைந்து நாள் வேலை என்றார்கள். அந்தப் பதினைந்து நாள் இருபத்தாறு ஆண்டுகளாயிற்று. இரண்டு வயது இளவரசனுக்குப் பெண் பேசப் போனோம். போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை இறந்துவிட்டார். அவிஞோனில் திருத்தந்தையின் மாளிகைத் தாழ்வாரத்தில் காத்திருந்தே எனக்கு மூட்டுவலி வந்தது. மாஸ்டரின் திறமை வாதத்தில் இல்லை. எதிர்த்தரப்புக்குப் பசியெடுக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு மணி அடித்தால் அவர்களே இறங்கி வருவார்கள்.

5. ஒவ்வொரு தூதுக்கும் பரிசாக ஒரு பதவி தரப்பட்டது. தந்த கையே அவரை அங்கே போகவிடாமல் அடுத்த கப்பலில் ஏற்றியது. தாங்கள் அறிந்தபடி, புதிதாக வருபவர் கோயில் மணியைத் தம் கையால் இழுத்து அடித்தால்தான் பதவி ஏற்றதாகும். நான்கு இடங்களில் மாஸ்டரின் பெயரால் மணி அடித்தவன் நானே. எல்டர்மியர் பேராலயத்தின் அதிபராக அவர் பதினோரு ஆண்டுகள் இருந்தார். அவருடைய இருக்கையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நான் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன், தூசி தட்டுவதற்காக.

6. மார்ஷ்விக்கில் மட்டும் அவரே மணி அடித்தார். எத்தனை முறை அடிக்கிறாரோ அத்தனை ஆண்டு தங்குவார் என்பது அவ்வூரார் கணக்கு. மாஸ்டர் இளமையின் உற்சாகத்தில் இருபத்தொரு முறை அடித்தாராம். தங்கியது ஒரு தவக்காலம். கோயில் வரவு வாங்க நான் அங்கே போகும்போதெல்லாம் அவ்வூர் விலாங்குமீன் பிடிப்பவர் ஒருவர் விடமாட்டார்: "இருபத்தொண்ணு அடிச்சாரு உங்க ஐயா. நாப்பது நாள்தான் கழிஞ்சிருக்கு. மிச்சத்துக்கு எப்ப வர்றாரு?" இதை நான் சொன்னபோதெல்லாம் மாஸ்டர் சிரிப்பார். கடந்த ஆண்டு சொன்னபோது சிரிக்கவில்லை.

7. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கே படுத்தாலும் காலையில் கண்விழித்ததும் மாஸ்டர் கேட்கும் முதல் கேள்வி, "ஹாமோ, இது எந்த ஊரு?" நான் ஊரின் பெயரைச் சொல்வேன். அதன்பிறகே எழுந்து செபிப்பார். தமது ஆன்மா உடலைவிட ஒருநாள் பிந்தித்தான் வந்து சேர்கிறது என்பார். இருபத்தாறு ஆண்டுகளில் நான் தவறான பதில் சொன்னது ஒரே ஒருமுறை. அன்று எனக்கே தெரியவில்லை.

8. இனி எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. இதுவரை எழுதும்போதே ஏழு முறை எழுந்து சன்னல்வரை போய் வந்தேன். வரி கோணலாயிருப்பின் பொறுத்தருள்க. உடலைக் கூறுபடுத்துவதைத் திருத்தந்தை ஒருவர் முன்பே தடைசெய்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். சிறப்பு அனுமதி பெற்றவருக்கு மட்டுமே விலக்கு உண்டு. மாஸ்டருக்கு அந்த அனுமதி இருக்கிறது. அதைக் கேட்டு எழுதியவன் நான்.

9. நடந்தது இது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவிஞோனில் பதிலுக்குக் காத்திருந்தபோது, எல்லாத் தூதர்களின் எழுத்தர்களும் செய்வதுபோல் நானும் எங்கள் மாஸ்டருக்கான சலுகைகளை வரிசையாக எழுதினேன். விருப்பமான குருவிடம் பாவசங்கீர்த்தனம், பயணத்தில் எடுத்துச்செல்லும் பீடம், விடியுமுன் பூசை, வயிற்றுவலியை முன்னிட்டுத் தவக்காலத்தில் பாலாடைக்கட்டி. பக்கத்தில் இருந்த பர்கண்டி ஆயரின் எழுத்தர் எட்டிப் பார்த்து, "உடம்பைப் பிரிச்சு அடக்கம் பண்ற அனுமதி கேக்கலையா? எங்க ஆயருக்கு மூணு ஊர்ல கல்லறை. உங்க ஆளு அவ்வளவுதானா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஐந்தாவது வரியாக அதையும் எழுதினேன். மாஸ்டர் களைத்திருந்தார், படிக்காமலே தலையசைத்தார். நாட்டுக்காக நாங்கள் கேட்ட எதையும் எளிதில் தராத அந்த அவை, இதை மட்டும் மறுவாரமே தந்தது. பெருமை தாங்காமல் அதன் படியொன்றைப் பேராலயப் பதிவேட்டிலும் நானே சேர்ப்பித்தேன். மாஸ்டரிடம் மட்டும் சொல்லவில்லை. அந்தப் படியைத்தான் இப்போது என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். நுணலும் தன் வாயால் கெடும். நான் எழுதுகோலால் கெட்டேன். கெட்டது நானாக மட்டும் இருந்திருக்கக் கூடாதா?

10. எதிர்த்தரப்பு வாதங்களையும் நேர்மையாகத் தருகிறேன். துறவி சொன்னது: "எங்க மடத்துக்காகப் போப்பாண்டவர் முன்னாடி ஒம்பது வருசம் வாதாடினவரு. அவரு மனசு எங்ககிட்டதான் இருந்துச்சு. அதைத்தானே கேக்குறோம்?" பேராலயக் குரு சொன்னது: "உயிரோட இருந்தப்போ ஒருநாளும் வந்து உக்காரல. எலும்பாவது வந்து உக்காரட்டுமே." இரண்டுமே அன்பில் வந்த பேச்சாக இருக்கலாம்.

11. வியாழன் மாலை, ஹவிஸ் அம்மாள் சூடாக்கிய பார்லிக் கஞ்சியோடு வந்து நிற்கையில், மாஸ்டர் கண்விழித்து எந்த ஊர் என்று கேட்டார். வின்மவுத் என்றேன். "மார்ஷ்விக் எவ்வளவு தூரம்?" என்றார். இரண்டு நாள் வழி என்றேன். "முழுசா கொண்டுபோய்ச் சேத்துரு ஹாமோ. இனிமே என்னை எங்கயும் அனுப்பாதே" என்றார். இதற்கு ஹவிஸ் அம்மாள் சாட்சி. அவர் ஏன் "முழுசா" என்றார்? அந்த ஐந்தாவது வரியை அவர் எப்போதாவது படித்து, என் மனம் நோகக்கூடாதென்று பேசாமல் இருந்துவிட்டாரா? மூன்று நாளாக இதுவே என்னை உட்காரவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை.

12. ஆகவே, செவ்வாய்க்கிழமை காலைக்கு முன் வைத்தியரைத் தடுத்து ஆணை அனுப்பவும், மாஸ்டரின் உடலை முழுதாக மார்ஷ்விக் கோயிலில், அவர் இழுத்த மணிக்கயிற்றுக்குக் கீழே அடக்கம் செய்ய அனுமதிக்கவும் மன்றாடுகிறேன். அனுமதிக் கடிதத்தின் அசல் ஈய முத்திரையோடு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அடுப்பில் போட இருமுறை எடுத்துப் போனேன். திருத்தந்தையின் முத்திரையை எரிக்கத் துணிவில்லை. அது அனுமதிதான், கட்டளையல்ல; தாங்கள் அதைக் கிடப்பில் போடலாம். எனக்கு எந்தத் தண்டனை விதித்தாலும் ஏற்கிறேன். மனுவைக் கொண்டுவரும் தோல் வணிகர் தங்கள் பதிலோடுதான் திரும்புவார்.

13. எனக்கென்று ஒரு வேண்டுகோளும் உண்டு. என் காலம் முடியும்போது அதே கோயிலின் வெளிச்சுவர் ஓரம் எனக்கும் ஆறடி இடம் வேண்டும். கடைசி நாளில் எக்காளம் ஒலித்து மரித்தோர் எழும்போது, என் மாஸ்டர் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். மூன்று ஊர்களிலிருந்து அவர் கேட்டால் நான் எங்கே ஓடுவேன்? கூப்பிடு தூரத்தில் இருந்தால், "மார்ஷ்விக், ஐயா. இன்னிக்கு எங்கயும் போக வேண்டியதில்ல" என்று சொல்லிவிடுவேன்.

தங்கள் ஆணைக்காக வாசலிலேயே நிற்கும்,
ஹாமோ ஃபிளெட்

இடம்: வின்மவுத்
நாள்: அரசர் ஆட்சியின் பதினேழாம் ஆண்டு, புனித லூசியா திருநாளின் மறுநாள்

சாட்சி: ஹவிஸ், சத்திரக்காரி (எழுதத் தெரியாததால் சிலுவைக் குறி) ✝

இணைப்பு: அனுமதிக் கடிதத்தின் அசல், ஒன்று.