பேசியது குழாயா, ஆளா

கோட்டைமேடு, கோயம்புத்தூர்
17-1-1937

சிக்கந்தர், நீ என்னைப் பொய் சொல்லச் சொல்லியிருக்கிறாய். சலாமும் சுகமும் எழுதிவிட்டுத்தான் சண்டைக்கு வர வேண்டும் என்பது எனக்கும் தெரியும், பேனா முந்திக்கொண்டது, இருக்கட்டும். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் உன் தங்கை ஹபீபுன்னிசாவும் நலம், அம்மாவுக்கு மட்டும் முழங்கால் மடக்க முடியவில்லை, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. ரங்கூனில் உன் உடம்பும் அப்படியே தெம்பாக இருக்க துஆ கேட்கிறோம். வருகிற ஏப்ரலிலிருந்து பர்மா தனித் தேசமாமே. நீ படுத்த பாயிலிருந்து எழுந்திருக்காமலே அயல்நாட்டுக்காரனாகிவிடுவாய், சர்க்கார் உனக்கு எவ்வளவு அலைச்சலை மிச்சப்படுத்துகிறது பார்.

ஊர் விசேஷம் கேட்டிருந்தாய். பைக்காரா கரண்ட் வந்தாலும் வந்தது, பீளமேட்டுப் பக்கம் மில்லுக்கு மேல் மில்லாக எழும்புகிறது, ராத்திரியும் பகலும் ஒன்றாகிவிட்டது, அதில் வேலை செய்கிறவன் தூங்குவதற்கு மட்டும் இன்னும் ஒரு யந்திரம் வரவில்லை. நம் தெருவுக்குக் கம்பம் வந்து நிற்கிறது, கம்பி வரவில்லை. கம்பி வந்த தெருக்களில் நம் கடையின் வாடகைக் கியாஸ் லைட்டைக் கேட்பாரில்லை. அந்த நேரத்தில் நீ ஒலிபெருக்கியை அனுப்பி வைத்தாயே, அதனால்தான் அடுப்பு எரிந்தது, அதை நான் மறுக்கவில்லை. எலெக்ஷன் வந்ததும் இரண்டு கட்சிக்காரர்களும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். இன்றைக்கு ஒருத்தர் மேடையில் மற்றவரைத் திருடன் என்பார், நாளைக்கு மற்றவர் இவரை என்பார், இரண்டையும் நம் மைக் மரியாதையாக வாங்கி ஊர் முழுக்கச் சொல்லும். எனக்கு எந்தப் பக்கமும் ஓட்டில்லை, முஸ்லிம்களுக்கு என்று சர்க்கார் வைத்த தொகுதி தனி, நம் ஆளுக்குத்தான் போட முடியும். அதனால் யார் பேசினாலும் மனசு கலங்காமல் பேட்டரியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற நிம்மதி எனக்கு இருந்தது. கிணத்துக்கடவுக் கூட்டத்தோடு அதுவும் போயிற்று.

நீ போன மாதக் கடிதத்தைச் சரியாகப் படித்தாயோ இல்லையோ, நடந்ததை மறுபடி எழுதுகிறேன். கிணத்துக்கடவுக்குக் கிழக்கே ஒரு ஊரில் நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் கூட்டம் போட்டார்கள். போட்டவர் அந்த ஊர் நிலமெல்லாம் வைத்திருக்கிற திருமூர்த்திக் கவுண்டர், பண்ணாடி என்றால்தான் அங்கே தெரியும். பந்தலில் பண்ணாடியும் சொந்தக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பந்தலுக்குத் தெற்கே வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சேரி. அங்கேதான் ஜனம் நின்றது, பந்தலில் இருந்ததைப் போல மூன்று பங்கு. ஜனம் இருக்கிற பக்கம் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டுவதுதான் தொழில், ஒரு குழாயைத் தென்னையில் ஏற்றி அந்தப் பக்கம் பார்க்கக் கட்டினேன். பண்ணாடியின் கணக்குப்பிள்ளை ஓடி வந்து, ஏனுங்க ராவுத்தரே, அந்தப் பக்கம் வரி கட்டறவனே இல்லை, ஓட்டும் இல்லீங்களே, எதுக்கு வீணா, குழாயை இப்படித் திருப்பிப்போடுங்க என்றார். வயர் எட்டாதுங்க என்றேன். வயர் எட்டும். ஓட்டில்லாதவனுக்குக் காதும் இருக்கக் கூடாது என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டுக் கேட்க வந்த அபேட்சகர் பட்டணத்தில் படித்த மனிதர், நல்ல குரல். தன் குரலே இரண்டு பக்கமும் போய் மோதித் திரும்பி வருவதைக் கேட்டதும் அவருக்கு வேகம் ஏறிவிட்டது. சுயராஜ்யம், வரி, கடன் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அதற்கும் கை தட்டல் போதவில்லை என்று பட்டதோ என்னவோ, பண்ணையத்தில் கூலிக்கு அளக்கிற படி சிறிது, கடையில் விற்க அளக்கிற படி பெரிது என்று இருப்பது அநியாயம், இந்த ஊரில் நாளை முதல் ஒரே படிதான், பண்ணாடி அவர்களே முன்நின்று செய்வார்கள் என்று ஓங்கிச் சொன்னார். பந்தலில் யாரும் கை தட்டவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சத்தத்தில் தென்னையில் தூங்கிய காக்காய் எல்லாம் எழுந்து பறந்தது. பண்ணாடி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் சேரி ஆட்கள் சோளம் அறுக்கப் போகுமுன் களத்தில் நின்று, கடைப்படியை எடுத்து வரச் சொல்லுங்க, அய்யா சொல்லிட்டாங்களே என்று கேட்டிருக்கிறார்கள். பண்ணாடி ஆனைமலைப் பக்கமிருந்து ஆள் கொண்டுவந்து அறுத்துக்கொண்டார். அபேட்சகரைக் கேட்டதற்கு, நான் அப்படிச் சொல்லவே இல்லை, ஏழைகளிடம் அன்பாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன், அந்த மிஷின் வார்த்தையைக் குழப்பிவிட்டது என்றாராம். குழப்பிய மிஷின் என்று, ராத்திரி வண்டி கிடைக்காமல் நான் பந்தலிலேயே விட்டு வந்திருந்த ஒலிபெருக்கிப் பெட்டியையும் இரண்டு குழாயையும் தூக்கிப் பண்ணாடியின் பருத்திக் கிட்டங்கியில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். பேசியவர் காரில் ஊர் ஊராகப் போகிறார், பேச வைத்தது கைதாகிக் கிடக்கிறது. போன மாதமே அந்தக் கார் நம் கடை வாசலிலும் வந்து நின்றது. ராவுத்தரே, கோளாறுன்னு ஒரே வார்த்தை, ஊர்க்கூட்டத்துல சொல்லிப்போடுங்க, பெட்டி அன்னிக்கே உங்க வண்டியில ஏறிடும், உங்க தொழிலுக்கு ஒண்ணும் கெடுதல் வராது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். உண்மைதான், கெடுதல் எப்படி வரும், பேசினவர் பழியைத் தானே ஏற்றுக்கொள்கிற யந்திரம் என்று தெரிந்தால் இந்த ராஜதானியில் உள்ள அத்தனை அபேட்சகரும் என் வாசலில் வரிசை கட்டி நிற்பார்களே.

அவர் போன மறுநாள் சேரியிலிருந்து காளியாத்தாள் என்று ஒரு பெண்பிள்ளை பருத்தி வண்டியின் பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்தாள். களத்தில் முதலில் கடைப்படி கேட்டவள் அவள்தானாம். உள்ளே வா என்றால் வரவில்லை, பலகையில் உட்கார் என்றால் உட்காரவில்லை. ராவுத்தருங்க, நாங்க கேட்டதை நீங்களும் கேட்டீங்க, பேசுனது உங்க குழாயா அந்த அய்யாவா, அதை மட்டும் சொல்லிப்போடுங்க, படி கூட அப்புறம் ஆகட்டும், எங்களைப் பொய்க்காரருங்கறாங்க என்றாள். தை கடைசி வெள்ளிக்கிழமை கோவில் முன்னால் ஊர்க்கூட்டம், அதில் இவர்கள் இல்லாததைச் சொல்லிக் கலகம் செய்தார்கள் என்று தீர்ந்தால் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு பண்ணைய நிலத்தை விட்டுப் போய்விட வேண்டுமாம். அந்தக் கூட்டத்தையும் இவர்கள் எட்டி நின்றுதான் கேட்க வேண்டும், இந்த முறை ஒலிபெருக்கியும் கிடையாது. உன் அம்மா படுதாவுக்குப் பின்னாலிருந்து, அந்தப் பிள்ளைக்கு முதலில் கஞ்சி கொடுங்கள், அப்புறம் நியாயம் பேசலாம், இல்லாவிட்டால் ரங்கூனில் ஒரு பெரிய சமதர்மக்காரர் இருக்கிறாரே, அவருடைய கடிதம் வரட்டும் என்றாள்.

கடிதமும் வந்தது. சமதர்மம் பற்றி நீ எழுதிய கடிதங்களை ஹபீபுன்னிசா எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள், ஒவ்வொன்றும் வாசித்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும், உழைக்கிறவன், உறிஞ்சுகிறவன் என்று பக்கம் பக்கமாக. இது நாலே வரி. அத்தா, நமக்கு எதற்கு ஊர் வம்பு, கோளாறு என்றே சொல்லிப் பெட்டியை வாங்குங்கள், எலெக்ஷன் போனால் வராது. எழுத்து உன்னுடையதுதானா என்று இரண்டு தடவை பார்த்தேன். ஹபீபுன்னிசா, அண்ணனுக்கும் மிஷின் கோளாறாக இருக்கும் அத்தா என்றாள். சிரித்துவிட்டு, அந்த நாலு வரியை மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

ரங்கூன் கலகத்தில் உன் முதலாளியின் கடையை உடைத்தபோது எதிர்க்கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், நம் ஊர்ப் பக்கத்து மனிதர்தான், விசாரணையில் எனக்குக் கண் மங்கல், ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார், சாட்சி சொன்ன உன்னைப் பொய்யன் என்று எழுதிக்கொண்டார்கள் என்று நீதானே எழுதினாய். அவரும் தன் வியாபாரத்தைத்தான் பார்த்தார். சாகும்வரை அவர் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று எழுதியிருந்தாய், உன் அம்மா அதைக் கேட்டு அழுதாள். போன கடிதத்தின் கடைசியில் அவரைப் பற்றித்தான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நாலு வரியில் அதற்கு மட்டும் இடம் இருக்கவில்லை போலும்.

குளிர் நாளில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்காதே, சங்கத்துக் கூட்டங்களுக்குப் போனால் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார், தொழுகையை விடாதே. அம்மாவும் தங்கையும் சலாம் சொல்கிறார்கள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், எழுதுகிறபடி நடக்கிற தைரியமும் கொடுப்பானாக. கடிதம் எழுத நேரமில்லை என்றால் தந்தி அடி, தை கடைசி வெள்ளிக்கு முன் எனக்குக் கிடைத்துவிடும். எதிர்க்கடைக்காரர் செய்தது சரிதான் என்று உன் பெயர் போட்டு அனுப்பு, நானும் குழாய்தான் பேசியது என்று கோவில் முன்னால் சொல்லிவிடுகிறேன். சரியா, தப்பா, சிக்கந்தர்?

உன் அத்தா,
மைதீன் பிச்சை