மோரிப்பில் தண்ணீர் ஏறும்வரை

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து புகைமூட்டம். துணி காயவில்லை. கிள்ளான் முழுவதும் யாரோ குப்பை எரித்த வாடை.

வியாழனுக்கு வாங்க வேண்டியவை: வாழை இலை, கற்பூரம், எள், பூசணி, தேங்காய். இவருக்கு முட்டித் தைலம்.

வியாழன் ஆடி அமாவாசை. வருடா வருடம் அன்று விடியுமுன் இவர் காரை எடுத்துக்கொண்டு மோரிப் கடற்கரைக்குத் தனியாகப் போவார். முதல் மனைவி லோ.வின் சாம்பலைக் கரைத்தது அங்கேதான். (முழுப் பெயர் எழுத மனமில்லை. என் டைரி, என் இஷ்டம்.) முந்தின நாளே படையல் சமைத்துத் தருவது நான். கொண்டுபோய்க் கொடுப்பது அவர். "நீ தூங்கு" என்பார். நானும் தூங்குகிறவள் மாதிரியே படுத்திருப்பேன்.

இந்த வருடம் முட்டி ஆப்பரேஷன். கார் ஓட்ட முடியாது. தோசையைப் பிய்த்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இந்திராணி, நீ ஓட்டுறியா? விடிகாலையிலயே கெளம்பிடணும்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் அழைப்பு. அதுவும் டிரைவர் வேலைக்கு.

ஜூலை 21, திங்கள்

கொமுட்டர் ரயிலில் உட்கார இடமில்லை. செந்துல் போகிற பெண் ஒருத்தி போனில், "அவன் பேச்ச நம்பாத லா, வாயத் தொறந்தா பொய்யி" என்றாள். யாருடைய அவனோ.

பிரிக்பீல்ட்ஸ் தையல் கடையில் தீபாவளி ரவிக்கைகள் இப்போதே வர ஆரம்பித்துவிட்டன. "அக்கா, கை மட்டும் கொஞ்சம் லூசா வச்சிருங்க." எல்லோருக்கும் கை லூசு வேண்டும். யாரும் குண்டாகவில்லையாம், துணிதான் சுருங்குகிறதாம்.

சாயங்காலம் பார்வதி போன். இவரின் தங்கை. முறைப்படி நான் அவளுக்கு அண்ணி. ஆனால் "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள், பஸ்ஸில் பார்க்கிற பொம்பளையைக் கூப்பிடுகிற மாதிரி. அண்ணி என்ற சொல் செத்துப்போனவளுக்கு எழுதி வைத்த சொத்து.

"அக்கா, அமாவாசைக்கு நீங்கதான் ஓட்டிட்டுப் போறீங்களாமே? நல்லது. எங்க அண்ணி சந்தோஷப்படுவாங்க. அண்ணனும் சொல்லிட்டாரு, அவருக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா மோரிப்லதான் கரைக்கணுமாம். அண்ணி அங்க தனியா இருக்காங்களாம். என் மகன்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாரு, சொன்னாரு" என்றேன். பொய்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைக்கவில்லை.

அவளுக்குத் துணைக்குப் போகிறாராம். அப்படியானால் நான் யார்? இடைவேளையில் வந்து ரசம் வைத்தவளா?

ஜூலை 22, செவ்வாய்

தலைவலி. ஒரு ரவிக்கைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன். பாஸ் பார்த்துவிட்டார்.

ஹாலில் லோ.வின் படம். கீழே சிவப்பு பல்ப். தினமும் பூ வைப்பது நான். அவளுக்கு வயதே ஏறவில்லை. கன்னம் அப்படியே இருக்கிறது, முடி அப்படியே இருக்கிறது. எனக்கு மாதாமாதம் டை. இவரோடு கிழவியாவது என் தலையெழுத்து, இவர் கண்ணுக்குள் குமரியாக இருப்பது அவள் அதிர்ஷ்டம்.

இரவுச் சாப்பாட்டில் படையல் பேச்சு. என்னென்ன சமைக்கட்டும் என்று கேட்டேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"எப்பவும் போலதான். பீசாங் கோரேங் மட்டும் போற வழியில வேணாம், அங்க கடற்கரையிலயே வாங்கிக்கலாம். லோகாவுக்கு அந்தக் கடை வாழைப்பழப் பொரியல்தான் புடிக்கும்."

தட்டைத் தள்ளி வைத்தேன்.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மோரிப்பிலிருந்து திரும்பும்போது எனக்கு ஒரு பொட்டலம் பீசாங் கோரேங் கொண்டுவருவார். ஆறிப்போயிருக்கும், எண்ணெய் ஊறியிருக்கும். ஆனாலும் எனக்காக வாங்கினாரே என்று கடைசித் துண்டுவரை தின்பேன். விரலைக்கூட நக்கியிருக்கிறேன். அவளுக்குப் படைத்தது போக மிஞ்சியதையா தின்றிருக்கிறேன்!

ஜூலை 23, புதன்

வெயில். புகை கொஞ்சம் குறைவு. நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். "குடும்ப வேலை." யார் குடும்பம்?

முந்தின நாளே சமைத்து வைப்பதுதான் வழக்கம். இந்த முறை காயைக்கூட நறுக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அவள் எங்கே போய்விடப் போகிறாள்?

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

நீளமாக எழுத வேண்டும். கை வலித்தாலும்.

இவர் இருட்டிலேயே எழுந்து, குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கையில் ஊன்றுகோல். நான் அவசரப்படவில்லை. பருப்பை ஊற வைத்தேன். வடைக்கு உரலில்தான் ஆட்டுவேன் என்றேன். மிக்ஸி பக்கத்திலேயே இருந்தது. குழம்புச் சட்டியைக் கழுவினேன், துடைத்தேன், மறுபடி கழுவினேன்.

"ஆச்சா?"

"ஆகுது."

இரண்டு முறைதான் கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. அதுவும் எனக்குக் கோபம். திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

வெயில் ஏறிய பின்தான் கிளம்பினோம். கேரி தீவுக்குத் திரும்பும் சந்திப்பில் சிவப்பு விளக்கு. "லோகா பொறந்தது இந்தப் பக்கம்தான்" என்றார். நான் கேட்டேனா? பாந்திங் தாண்டி, செம்பனைத் தோட்டங்கள் தாண்டி, மோரிப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில்.

காரைச் சவுக்கு மர நிழலில் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தேன்.

கடலைக் காணோம்.

உண்மையாகவே காணோம். படிக்கட்டுக்குக் கீழே சேறு. கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறச் சேறு, பளபளவென்று. தூரத்தில் கோடு மாதிரி ஏதோ மினுங்கியது, அதுதான் கடலாம். விடியற்காலையில் படையல் வைத்துப் போனவர்களின் வாழை இலைகளும் சாமந்திப் பூவும் சேற்றில் கிடந்தன. நண்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"என்னங்க இது?"

"அமாவாசை அன்னிக்கு காலையில தண்ணி படி வரைக்கும் இருக்கும். மத்தியானம் போயிரும். பொழுது சாயத்தான் திரும்ப வரும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா மட்டும் சட்டிய ஒரு தடவையோட விட்டிருப்பியா?"

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்தேதான் சோபாவில் உட்கார்ந்திருந்திருக்கிறார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சேற்றில் இறங்கி நானே கொண்டுபோகிறேன் என்றேன். வேண்டாம், முழங்கால் வரை இழுக்கும் என்றார். பக்கத்திலிருந்த நினைவுக்கல்லைக் காட்டினார். ஜப்பான்காரன் சண்டை முடிந்த சமயத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் கரையேறிய இடமாம் இது.

"அவனுங்க லோரியே இந்தச் சேத்துல மாட்டிக்கிச்சாம். நீ எம்மாத்திரம்?"

வேறு வழியில்லை. காத்திருந்தோம்.

வேலை நாள், கூட்டமில்லை. கூரை போட்ட திண்டு ஒன்றில் பாய் விரித்தோம். வாடகைச் சைக்கிள்கள் சும்மா நின்றன. பட்டம் விற்கிறவர் தானே ஒன்றை ஏற்றிவிட்டுக் கயிற்றைக் கால் விரலில் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். வெல்லப்பாகும் ஐஸும் போட்ட செண்டோல் குடித்தோம். இவருக்குச் சர்க்கரை, ஆகவே என்னுடையதிலிருந்து இரண்டு கரண்டி மட்டும். நான்கு கரண்டி எடுத்துக்கொண்டார். ஊஞ்சல் காலியாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து உட்கார்ந்தேன். "கீழ விழுந்திராத, என்னால தூக்க முடியாது" என்று இங்கிருந்தே கத்தினார். பட்டக்காரர் சிரித்தார்.

பழைய கதை சொன்னார். அப்போதெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை எஸ்டேட் லோரியில் ஏற்றிக்கொண்டு வருவார்களாம். பாய், சோத்துக் குண்டான், மேளம். அந்த லோரியில்தான் லோ.வை முதலில் பார்த்தாராம். நான் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன லோரி இருக்கிறது? பார்வதி வீட்டு ஹாலில் பெண் பார்த்தார். மழை. ஃபேன் ஓடவில்லை.

கேட்டுவிட்டேன்.

"பார்வதி எல்லாம் சொன்னா. உங்கள இங்கதான் கரைக்கணுமாமே."

ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவ தனியா இருக்கா இந்திராணி."

"அப்ப நான் மட்டும் கூட்டத்தோடயா இருக்கப்போறேன்?"

"சரி. ரெண்டா பிரிச்சிரச் சொல்றேன். பாதி இங்க. பாதி நீ சொல்ற எடத்துல."

"பாதியா? நான் என்ன பங்காளியா, பாகம் பிரிக்க?"

எழுந்துவிட்டேன். அழுகையை அடக்கத் தெரியாமல் நேராகப் பீசாங் கோரேங் கடைக்கு நடந்தேன். அவளுக்குத்தானே, வாங்கித் தொலைக்கலாம். கடைக்கார மலாய்க்கார அக்கா எண்ணெயிலிருந்து நிமிர்ந்தார். என் பின்னால் இவர் ஊன்றுகோலோடு நொண்டி நொண்டி வருவதைப் பார்த்து முகம் மலர்ந்தது.

"ஆ, பாக்சிக்! மாச்சாம் பியாசா? டுவா புங்குஸ்?"

வழக்கம் போல இரண்டு பொட்டலமா என்று கேட்கிறார்.

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். "ரெண்டு யாருக்கு?"

"ஒண்ணு கடலுக்கு. ஒண்ணு வீட்டுக்கு" என்றார், நான் ஏதோ தெரியாத கேள்வி கேட்டுவிட்ட மாதிரி.

கடைக்கார அக்கா என்னைக் காட்டி, வீட்டுப் பொட்டலம் இந்த அம்மாவுக்குத்தானா, கடைசியில் கூட்டிக்கொண்டு வந்தாயா என்று மலாயில் கேட்டார். இவர் வெட்கப்பட்டார். இந்த வயதில்! என் பொட்டலத்தில் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டார் அந்த அக்கா.

சுடச்சுடத் தின்றேன். இத்தனை வருடம் ஆறிப்போய்த் தின்றது எங்கே, இது எங்கே! நாக்கு சுட்டுவிட்டது.

பொழுது சாயத் தண்ணீர் வந்தது. ஓசையே இல்லாமல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேறு மறைந்து, படியைத் தொட்டது. இவரால் படி இறங்க முடியாது. தட்டை என்னிடம் நீட்டினார். கற்பூரம் ஏற்றி, இலையைத் தண்ணீரில் விட்டேன். வடை, பாயசம், அவள் பொட்டலம். குனிந்து வாய்க்குள் முணுமுணுத்தேன்.

என்ன சொன்னாய் என்று இவர் கேட்டார். சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

"நீ மொதல்ல வந்தவ, ஒத்துக்கிறேன். ஆனா அவரு முட்டிக்குத் தெனம் தைலம் தேய்க்கிறது நான். அத மனசுல வச்சுக்க, லோகா."

காரில் நானே பேச்சை எடுத்தேன். "பாதியெல்லாம் வேணாம். முழுசா இங்கயே வாங்க. ஆனா என்னையும் இங்கதான் கரைக்கணும். பார்வதி மகன்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

"நீ எனக்கு முந்திப் போயிட்டா?"

"போனா, அவள கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுவேன்."

சிரித்தார். ஆப்பரேஷனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அந்த லோரியை நினைத்தால் இன்னும் எரிகிறது.

ஜூலை 25, வெள்ளி

மழைத் தூறல். துணி மறுபடியும் காயவில்லை. மூக்கு வெயிலில் கறுத்துவிட்டது. கடையில் எல்லோரும் எங்கே சுற்றிவிட்டு வந்தீர்கள் என்று கேட்டார்கள். "நானும் வீட்டுக்காரரும் கடற்கரைக்குப் போயிருந்தோம்" என்றேன். வேண்டுமென்றே இரண்டு முறை சொன்னேன்.

தைலம் வாங்க மறந்துவிட்டேன். நாளை.

பார்வதி போன். விஷயம் அவள் காதுக்குப் போய்விட்டது.

"என்னக்கா, மத்தியானமா போய் நாள் பூரா காஞ்சீங்களாம்! அமாவாசைன்னா விடியறதுக்குள்ள அங்க இருக்கணும்னு அண்ணன் சொல்லலையா? அடுத்த வருஷமாச்சும் சீக்கிரம் கெளம்புங்க, என்ன?"

"சரிம்மா, கண்டிப்பா" என்றேன்.

அடுத்த வருடமும் சட்டியை மெதுவாகத்தான் கழுவப் போகிறேன்.