ஒரே புலியின் இரண்டு நகங்கள்

14 ஆகஸ்ட் 2008, வியாழன்

செத்த புலிகளின் மிச்சத்திலிருந்து மரபணு எடுத்து, புலியினம் எப்படிப் பிரிந்து வளர்ந்தது என்று ஆராய்கிறார்களாம். அதற்காகப் பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தாள். முன்பு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சுட்ட புலியின் நகங்கள் என்று அப்பா எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொன்று கழுத்தில் கட்டிவிட்டிருந்தார். இரண்டையும் கொடுத்தோம்.

சுரண்டிப் பார்த்தவள் என்னுடையதைத் திருப்பித் தந்தாள். "அண்ணனோடது புலிதான்கா. இது மாட்டுக் கொம்பு."

அண்ணன் சிரித்தான். "கெடச்சது ஒண்ணுதான்லா. ஒன்கிட்ட சொல்லவேணாம்னு அப்பா சொன்னாரு."

இருபது வருஷம் விடியுமுன்னே இருட்டில் தேயிலைக் காட்டுக்குத் தனியாக நடந்திருக்கிறேன். "நகம் இருக்குல்ல, பயப்படாம போ" என்று தினமும் என்னை அனுப்பிவைத்தவன் அவன்தான்.