அம்மாவுக்குச் சேர்த்த மைல்கள்

2007 பெப்ரவரி 13, செவ்வாய்

கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெடியன் இன்று ஒஃபீசுக்கு வந்து இரண்டு கிரெடிட் காட்டுகளைப் பற்றி மூச்சு விடாமல் பேசினான். ஒன்று வீட்டுக்கு ஏற்றது. சுப்பர்மார்க்கெட் சாமானுக்கு விலைக்கழிவு. மற்றது என்னைப் போல ஊரூராகத் திரிகிறவர்களுக்கு. செலவழிக்கச் செலவழிக்கப் பொயின்ற்ஸ் ஏறும், பொயின்ற்ஸ் மைலாக மாறும், மைல் பிளேன் ரிக்கெட்டாக மாறும்.

கண்டி, காலி, குருநாகல் என்று எங்கள் இன்ஷூரன்ஸ் கிளைகளின் கணக்குப் பார்க்க ஓடுகிறவள் நான். ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் என் கையிலிருந்து போட்டு, மாசக் கடைசியில் கொம்பனியிடம் வாங்கிக்கொள்வது வழக்கம். கொம்பனியின் செலவு, பொயின்ற்ஸ் எனக்கு! இத்தனை வருசம் சும்மா விட்டேனே.

பிளேன் என்று அவன் சொன்னதும் எனக்கு அம்மாதான் ஞாபகம். போன ஓகஸ்டில் சண்டை தொடங்கித் தரைப்பாதை பூட்டிய பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வருவதென்றால் பிளேன், இல்லாவிட்டால் கப்பல். முழங்கால் மடக்க முடியாத மனுசி கப்பலில் வர மாட்டா. பிளேன் ரிக்கெட்டோ, வாடகையும் கட்டிச் சாப்பிடவும் செய்தபின் எங்கள் கையில் நிற்காத காசு.

பெப்ரவரி 14

என் மனுசன் ஹெக்டருக்குச் சுப்பர்மார்க்கெட் காட்தான் வேணுமாம். "அரிசி பருப்பில குறைச்சா அது கையில நிக்கும். உன்ட மைலை என்ன சட்டியிலயா போடுறது?" துறைமுகத்தில் கிளார்க்காக இருபது வருசம். கண்ணால் காணாத எதையும் நம்ப மாட்டார், அந்தோனியாரைத் தவிர.

"உங்கட மாமியைக் கூட்டிவரத்தான்" என்றேன். வருசக் கட்டணத்தை மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

பெப்ரவரி 18, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஃபோனில் அம்மா. எங்கள் ஊர் குருநகரில் மீன் இருக்கிறதாம், சமைக்க மண்ணெண்ணெய் இல்லையாம். இன்சுலின் ஆஸ்பத்திரியில் ஒருநாள் இருந்தால் ஒருநாள் இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினா, ஏதோ ஊர்வம்பு சொல்வது போல. கொழும்புக்கு வாங்கோ அம்மா என்றேன். "பாப்பம்" என்றா.

பாப்பம் என்றால் ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

பெப்ரவரி 20

மைல் காட்டுக்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 22, வியாழன் — காலி

மைல் காட்டில் போட்ட முதல் ஹோட்டல். றிசெப்ஷனில் இருந்தவர் காட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தார். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டதும் அந்த முகம் திரும்பவும் மாறியது. வீடு கொழும்பில் கொட்டாஞ்சேனையா, எத்தனை நாள், என்ன வேலை? எல்லாம் சிங்களத்தில், மரியாதையாகத்தான். நானும் மரியாதையாகத்தான் பதில் சொன்னேன். கோபம் கோபமாக வந்தது, ஆனால் பொயின்ற்ஸ் ஏறியது.

மே 6

நான் இப்போது ஒரு பொயின்ற்ஸ் பைத்தியம். மேல்மாடி றோஸியக்காவின் பால்மா, ஹெக்டரின் தம்பி பேர்னாட்டின் சப்பாத்து, எல்லாம் என் காட்டில். அவர்கள் காசைக் கையில் தந்துவிடுகிறார்கள். ஒஃபீஸ் மஜீட் புத்தி சொன்னார்: "மிஸ், மாசா மாசம் முழுசாக் கட்டிருங்க. வட்டி விழுந்தா உம்மாவும் வர மாட்டாங்க, நீங்களும் முடிஞ்சீங்க." கட்டுகிறேன். அதில் ஒரு சதம் பிசகவில்லை.

ஜூன் 8, வெள்ளி

நேற்று விடியற்காலை வெள்ளவத்தை லொட்ஜ்களில் இருந்த எங்கள் தமிழ் ஆட்களைப் பொலிஸ்காரர்கள் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். காரணமில்லாமல் கொழும்பில் நிற்கக் கூடாதாம். தாய் மகள் வீட்டில் நிற்பது காரணமா இல்லையா? யாரிடம் கேட்பது?

ஊரை விட்டு வர ஆமி தருகிற கிளியரன்ஸுக்கு அம்மா விண்ணப்பம் கொடுத்துவிட்டாவாம். மாசக் கணக்கில் எடுக்குமாம். நல்லது, எனக்கும் இன்னும் பொயின்ற்ஸ் காணாது, சேர்க்க வேணும்.

ஜூலை 22, ஞாயிறு

தலவில புனித அன்னம்மா கோயில் திருநாளுக்கு எங்கள் பங்குக் கோயிலிலிருந்து பஸ் போகிறது. பஸ்ஸையும் தங்கும் அறைகளையும் என் காட்டில் போட்டேன், எல்லாரிடமும் காசு வாங்கிக்கொண்டேன். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சில்லறை எண்ணியதைப் பார்த்து ஹெக்டர், "அன்னம்மாவுக்கும் மைல் ஏறுதா?" என்று கேட்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

செப்ரம்பர் 3, திங்கள்

பொயின்ற்ஸ் காணும்! பகல் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் பாங்குக்கு ஃபோன் எடுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சீற் வேணும் என்றேன். ஃபோனில் வந்த பிள்ளை கொம்பியூட்டரில் தட்டிப் பார்த்தாள். பிறகு, யாழ்ப்பாணத்துக்கு ஓடுகிற பிளேன் வேறு கொம்பனியுடையது, எங்கள் மைல் அங்கே செல்லாது மெடம் என்றாள். சென்னை போகலாமாம். கொஞ்சம் சேர்த்தால் சிங்கப்பூரும் போகலாமாம்.

சிங்கப்பூரில் எனக்கு ஆர் இருக்கினம்?

பிளேன் என்றால் பிளேன்தானே என்று நினைத்த மடைச்சி நான். காட் விற்க வந்த அந்தப் பெடியன் தந்த தாளில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன. லண்டன், டுபாய், பாங்கொக். ஒருநாளாவது அதில் யாழ்ப்பாணத்தைத் தேடியிருப்பேனா? அம்மா இருக்கிற இடம் அதில் இருக்காமல் இருக்குமா என்ற நினைப்பு. இனி ஹெக்டர் சட்டியைப் பற்றிக் கேட்கப் போகிறார். கேட்கட்டும்.

செப்ரம்பர் 4

ஹெக்டரிடம் சொன்னேன். தேத்தண்ணி போட்டுத் தந்தார். அதுதான் இன்னும் அழுகையைக் கொண்டுவந்தது.

செப்ரம்பர் 5

மஜீட் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு, "இதுக்கா மிஸ் இவ்வளவு? எங்கட ஷபீகா சீலை எடுக்க சென்னைக்குப் போறா தானே. ஒங்கட மைல்ல அவவுக்கு ரிக்கெட் எடுத்துக் குடுங்க. ரிக்கெட் காச நான் ஒங்களுக்குத் தாறன். அதுல உம்மாவக் கொண்டாங்க" என்றார்.

ஷபீகா அவருடைய மனைவி. வீட்டிலேயே சீலை விற்கிறா. பாங்கிடம் கேட்டேன், யாருடைய பெயரிலும் எடுக்கலாமாம். ஒஃபீசில் எத்தனை கணக்குப் பார்க்கிறேன், இந்தக் கணக்கு எனக்கு ஓடவில்லையே!

ஒக்ரோபர் 19

ஷபீகா சென்னைக்குப் போய் வந்துவிட்டா. எனக்கு ஒரு நீலச் சீலையும் கொண்டுவந்து தந்தா. அம்மாவின் கிளியரன்ஸ் இன்னும் இல்லை.

நவம்பர் 6

கிடைத்துவிட்டது! மஜீட் தந்த காசில் சீற்றும் போட்டாயிற்று.

நவம்பர் 17, சனி

இரத்மலானை எயார்ப்போட்டில் அம்மாவைக் கண்டேன். பாதியாகிவிட்டா. கட்டிப்பிடித்தபோது தோள் எலும்பு கையில் தட்டியது. கையில் ஒரு பை மட்டும். அதற்குள் பாதி எனக்குக் கொண்டுவந்த பனங்கிழங்கு ஒடியல் மா. காரில் வரும்போது ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் தானாகவே அடையாள அட்டையை எடுத்து நீட்டினா, அவர்கள் கேட்கும் முன்பே.

நவம்பர் 19

ஊரிலிருந்து வந்து தங்குகிறவர்களைப் பதிய வேணுமாம், பொலிசில் அம்மாவைப் பதிந்தோம். எவ்வளவு காலம் என்று கேட்டார்கள். நான் ஆறு மாசம் என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா.

நவம்பர் 25

இன்சுலின் ஒழுங்காகக் கிடைக்கிறது. முகத்தில் கொஞ்சம் தெளிவு. இன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சந்தோசமாக இருக்கிறேன். இப்படி எழுதி எவ்வளவு காலம்.

டிசம்பர் 2, ஞாயிறு

போன புதன் குண்டு வெடித்ததற்குப் பிறகு கொழும்பு முழுவதும் தமிழரைப் பிடிக்கிறார்கள். இன்று பூசை முடிந்து வரும் வழியில் ஹெக்டரைப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேலை அட்டை, பதிவுத் துண்டு எல்லாம் காட்டினார். அதெல்லாம் அங்கே வந்து காட்டு என்றார்களாம். பின்னேரம் விட்டார்கள். அடிக்கவில்லை. வெயிலில் இருத்தி வைத்திருந்ததில் முகம் கறுத்துப்போயிருந்தது. நான் பொலிஸ் வாசலில் நின்று அழுதேன், கத்தினேன், சிங்களம் மறந்துபோய்த் தமிழில் கத்தினேன்.

அம்மா வீட்டில் செபமாலையோடு இருந்தா. ஹெக்டர் குளித்து வந்ததும் சோறு போட்டுக் கொடுத்தா. பிறகு என்னிடம், "எனக்குத் திரும்பிற ரிக்கெட் எப்ப பிள்ளை?" என்று கேட்டா.

என்னம்மா கதைக்கிறியள், அங்கை என்ன இருக்கு என்று கோபப்பட்டேன்.

"அங்கையும் ஆமி சுத்தி வளைக்கிறாங்கள்தான். ஆனா நான் கதவைத் திறந்து வெளியிலை வந்தா, என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட நாலு சனம் நிக்கும். இஞ்சை உன்னை விட்டா ஆர்? நான் உன்னைப் பாக்கத்தான் வந்தனான் பிள்ளை. இருக்க வரேல்லை."

டிசம்பர் 3

இன்சுலினுக்கு அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நீ பாசலிலை அனுப்பன்" என்றா. பாசல் போகுமோ, போனாலும் குளிரில் இருக்குமோ?

டிசம்பர் 5

நான் அம்மாவோடு கதைக்கவில்லை.

டிசம்பர் 6

கதைத்தேன். அவ எனக்குத் தலை வாரிவிட்டா. நாற்பத்திரண்டு வயசில்! பெப்ரவரியில் "பாப்பம்" என்று சொன்னதை நான்தான் ஓம் என்று எடுத்தேன். விருப்பமா என்று ஒரு தரமாவது கேட்டேனா? அவ போகக் கூடாது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் பிடித்து வைக்க நான் ஆர்? அதைப் பொலிஸ் செய்கிறது, போதும்.

டிசம்பர் 11, செவ்வாய்

ஷபீகா அடுத்த முறை எப்போது சென்னைக்குப் போகிறா என்று மஜீடிடம் கேட்டேன். ஜனவரிக் கடைசியில் என்றார். அம்மா திரும்பிப்போகும் ரிக்கெட்டுக்கும் அதே வழிதான். எனக்குப் பொயின்ற்ஸ் காணாது. கண்டிக்கு இரண்டு பயணம் இருக்கிறது, அது போதாது.

வீட்டுக்கு வந்து, கிறிஸ்மஸ் சாமான் முழுவதையும் காட்டில் எடுப்போம் என்று ஹெக்டரிடம் சொன்னேன். உள்ளே அம்மா இருமிக்கொண்டிருந்தா. ஹெக்டர் அந்தப் பக்கம் பார்த்தார்.

"றோஸியக்காட கேக் சாமானையும் எங்கட காட்டிலயே போடுவம்" என்றார்.