உன் பெயரில் என் நெஞ்சு

நேற்று மறுபடியும் மருத்துவ முகாம். சட்டையைக் கழற்றிவிட்டுக் கேன்டீன் மேசையில் படுத்தேன். ஈசிஜி எடுக்கும் பெண் நெஞ்சில் ஜெல் தடவினாள். சில்லென்றதும் உன் ஞாபகம் வந்தது. உனக்கும் சேர்த்து இந்தக் குளிரை வாங்கியவன் நான்தானே.

மூன்று வருடங்களுக்கு முன், இதே கும்மிடிப்பூண்டி உருக்காலையில் ஒரு பேச்சு கிளம்பியது. ஈசிஜியில் கோளாறு தெரிந்தால் காண்ட்ராக்ட் ஆளை உலைப் பக்கம் விடமாட்டார்களாம். உலையை விட்டால் நமக்கு வேறு வேலை தெரியாது. உனக்கு அப்போது எந்த நோவும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

"நல்லா கீறவனை இன்னாத்துக்குபா நோண்டணும்? எனக்கும் நீயே போய்ப் படுத்துக்கோ. உனக்கு ஸ்கூல் பையன் நெஞ்சு" என்றாய்.

முகாமில் முகத்தைப் பார்ப்பதில்லை. ஹெல்மெட்டில் இருக்கும் டோக்கன் எண்ணைத்தான் பார்ப்பார்கள். உன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இரண்டாம் முறையும் படுத்தேன். ஒரே நாளில் இரண்டு பேராக ஆரோக்கியமாக இருந்தவன் இந்தத் தொழிற்பேட்டையில் நான் ஒருவன்தான்.

இரண்டு ரிப்போர்ட்டும் நார்மல். அதோடு முடிந்திருந்தால் அது ஒரு சின்ன மோசடி. ஆனால் நீ அந்த ரிப்போர்ட்டை நம்பவும் ஆரம்பித்தாய்.

அடுத்த மாதம் படியேறும்போது இடது தோள் இழுக்கிறது என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"அட போபா. போன மாசம்தான் நார்மல்னு வந்துகீது."

"அது என்னுதுடா."

"பேரு யாருது?"

சிரித்தாய். நானும் சிரித்தேன். நாலாம் நாள் ஆலை வாசல் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை.

நேற்று டாக்டரிடம், தெரிந்த ஒருவரைப் பற்றி என்று முழுக் கதையையும் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

"அவருக்கே எடுத்திருந்தாலும் நார்மல்னு வந்திருக்கலாம். படுக்க வெச்சு எடுக்கறதுல எல்லாமே தெரிஞ்சுடாது" என்றார். மூன்று வருடத்தில் முதல் முறையாக மூச்சு லேசானது. அவர் நிறுத்தவில்லை. "ஆனா தோள் இழுத்த அன்னிக்கே வந்திருக்கணும். ஏன் வரல?"

"ரிப்போர்ட் கையில இருந்துச்சு சார்" என்றேன்.

மாதம் ஒரு முறை உன் மனைவியைப் பார்த்துவிட்டு வருகிறேன். "கம்பெனியிலயே பாத்து, நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னுட்டாங்கண்ணா. அப்புறம் நாம இன்னா பண்ண முடியும்?" என்கிறார். அவருக்கு மிச்சமிருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான். அதைப் பிடுங்க எனக்குத் துணிவில்லை. "ஆமாம்மா" என்கிறேன். அடுத்த மாதமும் அதையே சொல்லப் போகிறேன்.