மூங்கிலுக்குள் நின்றவை

நண்பா,

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். முப்பத்தொரு வருடத்துக்கு முன், மூங்கில் ஓரம் ஒற்றை யானையைப் படமெடுத்தாய். "இன்னும் கிட்டப் போடா" என்றாய். எனக்குப் பல மூச்சுச் சத்தம் கேட்டது. ஜீப்பைப் பின்னால் எடுத்துவிட்டேன். பிலிமைக் கழுவினால் படம் ஒரே இருட்டு. "பயந்தாங்கொள்ளி!" என்று அதை என் மடியில் எறிந்துவிட்டுப் போனவன்தான் நீ.

அதை மகள் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி, இருட்டை மெல்ல மெல்ல வெளுக்க வைத்தாள். மூங்கிலுக்குள் ஒரு நெற்றி தெரிந்தது. அப்புறம் இன்னொன்று.

"அப்பா, பதினேழு!" என்றாள்.

குட்டிகளைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு, மொத்தக் கூட்டமும் அசையாமல் நம்மையே பார்த்து நிற்கிறதடா! நினைத்திருந்தால் நம்மை நசுக்கியிருக்கலாம். விட்டுவிட்டன.

சண்டையை நீ வந்தபிறகு தொடரலாம். இவ்வளவு பெரியதை ஒருத்தனாகப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கிளம்பி வா.

உன் ஜீப்காரன்